*வேதேதி: ஸ்லாவியர்களோட "யாரு கண்டா"

ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு தாய்மொழி இருந்துச்சு, அதுதான் ஆதி ஸ்லாவிய மொழி. அதுல எழுதின ஒரு வரி கூட நம்ம கைக்கு வரல, பிள்ளை மொழிகள ஒப்பிட்டு மொழியியல்காரங்க மீட்டெடுத்ததுதான் எல்லாம், அதனாலதான் சொல்லுக்கு முன்னாடி அந்த நட்சத்திரக்குறி.

*வேதேதின்னா தெரிஞ்சிருத்தல், அறிதல். இதுக்கு ஒரு அக்கா உண்டு, *வீதேதி, அப்படின்னா பார்த்தல். ரெண்டும் ஒரே வேர், நடுவுல உயிர் ஒலிதான் மாறுது. செக் மொழியில இன்னிக்கும் "விதீம்"னா பார்க்கிறேன், "வீம்"னா எனக்குத் தெரியும்.

வேர் எதுன்னா, ஸ்லாவிய மொழிகளும் கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதமும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய குடும்பத்தோட மூலமொழியில இருந்த *வெய்த், "பார்". அதோட முற்றுநிலை வடிவம், அதாவது "பார்த்தாச்சு"ங்கறது, நாளடைவுல "தெரியும்"னு ஆயிடுச்சு. கிரேக்கத்துல ஒய்தா, சமஸ்கிருதத்துல வேத, எல்லாம் இதே கதைதான். சீசர் சொன்னதா சொல்வாங்களே, வந்தேன் கண்டேன் வென்றேன்னு, அதுல வர்ற லத்தீன் "வீதீ"யும், 9ஆம் நூற்றாண்டுல சிரில், மெத்தோடியஸ்ங்கற மதபோதகர்கள் பைபிள மொழிபெயர்த்த பழைய சர்ச் ஸ்லாவோனிக்ங்கற மொழியில இருக்கற "வேதே"யும் அச்சு அசல் ஒரே வடிவம், ஆனா சீசருக்கு அது "கண்டேன்", ஸ்லாவியனுக்கு "எனக்குத் தெரியும்".

இது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. "யாரு கண்டா?", "அவன் என்னத்தக் கண்டான்?"னு நாம கேக்கும்போது கண்ணால பாக்கறதயா சொல்றோம்? தமிழ் வேற குடும்பம், காண் வேற வேர், ஆனாலும் தானாவே அதே வழியில போயிருக்கு, எனக்கு இதுல பிடிச்ச இடமே இதுதான்.

ரஷ்யன்ல வேதத்துங்கறது இப்ப பழைய நடை, தினப்பேச்சுல ஸ்னாத்துதான். ஆனா சூனியக்காரிய இன்னும் வேத்மான்னுதான் சொல்றாங்க, விஷயம் தெரிஞ்சவன்னு அர்த்தம். செக்ல வேதான்னா சயின்ஸ், நாம அறியில இருந்து அறிவியல் செஞ்ச மாதிரியே. கரடிக்கு ரஷ்யன்ல மெத்வேத், அத "தேன் இருக்கற இடம் அறிஞ்சவன்"னு சிலர் பிரிப்பாங்க, அது தப்பு, "தேன் தின்னி"தான் சரி, அதுல இருக்கறது சாப்பிடறதுக்கான வேர்.

இதே *வெய்த் வேர் சமஸ்கிருதம் வழியா வேதம், வித்தை, வித்வான்னு நம்மகிட்டயும் வந்திருக்கு, லத்தீன்-இங்கிலீஷ் வழியா வீடியோவும். இதுக்கெல்லாம் தமிழ்ச் சொல் மறை, கல்வி, புலவர், காணொளி. *வேதேதிக்கு நேர்ச்சொல் கேட்டா "அறி", வரலாற்றையும் சேத்துச் சொல்லணும்னா "கண்டறி"ங்கறது இன்னும் பொருத்தம்.