பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்ட பெட்ரோல் இன்ஜெக்ஷன்

எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து தெளிக்கும் ஏற்பாடு, பற்றிப் பேச்சு வந்தாலே ஜெர்மனியின் பாஷ் கம்பெனியில்தான் கதையை ஆரம்பிப்பார்கள். 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த பாஷின் டி-ஜெட்ரானிக்தான் பெரிய அளவில் தயாராகி, விற்று, தினசரி ரோட்டில் ஓடிய முதல் அமைப்பு. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அதன் அடிப்படை யோசனை கிட்டத்தட்ட முழுசாகவே அதற்குப் பத்து வருஷம் முன்னால் அமெரிக்காவில், பெண்டிக்ஸ் கம்பெனியில், உருவாகி காரிலும் ஏறி, ஓட்டியவர்களிடம் திட்டு வாங்கி, கழற்றவும் பட்டுவிட்டது. இந்தப் பகுதியைத்தான் நிறைய பேர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில், அதுவரை பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்துவந்த கார்புரேட்டர் என்ன செய்தது என்று பார்த்துவிடுவோம். இன்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, அந்த அழுத்தக் குறைவு பெட்ரோலை ஒரு சின்னத் துளை வழியாக இழுத்துக் காற்றோடு கலக்கிறது. கரண்ட் வேண்டாம், கணக்கு வேண்டாம், அருமையான ஏற்பாடு. பிரச்சினை என்னவென்றால் பெட்ரோல் முழுசாக எரிய ஒரு கிலோவுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், இந்த விகிதத்தை எல்லா வேகத்திலும், குளிரிலும், மலையேற்றத்திலும் ஒரே துளை காப்பாற்றாது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதற்காக, காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக். திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று முந்திக்கொள்ளும், அதற்காக ஒரு குட்டி பம்ப். அப்படியும் ஒரே கார்புரேட்டரிலிருந்து பிரிந்து போகும் கலவை ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும்தான் போய்ச் சேரும்.

இதற்கு மாற்றாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் அப்போதே இருந்தது, ஆனால் மெக்கானிக்கல் முறையில். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் டீசல் இன்ஜினில் இருப்பது போன்ற பம்ப் ஒன்று அந்த வேலையைச் செய்தது. நுணுக்கமாகக் கடைந்தெடுத்த பாகங்கள், விலையும் அதற்கேற்றபடி. மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டரும் புதுசல்ல. 1940-லேயே இத்தாலியில் மில்லே மிக்லியா பந்தயத்துக்காக ஒரு ஆல்ஃபா ரோமியோவில் கப்ரோனி-ஃபுஸ்கால்டோ என்ற அமைப்பைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

பெண்டிக்ஸ் ஆட்கள் யோசித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்ரோலை அளந்து தள்ளும் விலையுயர்ந்த பம்ப் எதற்கு? பம்ப் சும்மா ஒரே அழுத்தத்தில் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும், இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு வால்வாக மட்டும் இருக்கட்டும். குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில் வருகிறதென்றால், எவ்வளவு நேரம் திறந்து வைத்தோம் என்பதை வைத்தே குடத்தில் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதேதான். அளவு என்ற கேள்வி நேரம் என்ற கேள்வியாக மாறிவிட்டது, நேரத்தை அளப்பதில் எலக்ட்ரானிக்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்றைக்கு ஓடும் இன்ஜெக்ஷன் வண்டிகளும் இந்த ஒரே யோசனையில்தான் நிற்கின்றன.

பெண்டிக்ஸ் இதற்கு வைத்த பெயர் எலக்ட்ரோஜெக்டர். அமெரிக்கன் மோட்டார்ஸ் 1957-இல் தன் ராம்ப்ளர் ரெபல் காரில் இதைக் கொடுப்பதாக அறிவித்தது: கார்புரேட்டரோடு 255 குதிரைத்திறன், எலக்ட்ரோஜெக்டரோடு 288. ஆனால் குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததால் சோதனைக் கார்களோடு நின்றுபோனது, வாடிக்கையாளர் கைக்குப் போன ரெபல்கள் எல்லாம் கார்புரேட்டர்தான். அடுத்த வருஷம் கிரைஸ்லர் துணிந்து இறங்கி, கிரைஸ்லர் 300டி, டிசோட்டோ அட்வென்ச்சரர், டாட்ஜ் டி-500, பிளிமத் ஃப்யூரி ஆகியவற்றில் இதை விற்றது. மொத்தமே சுமார் 35 கார்கள், அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குப் பிறகு கார்புரேட்டரையே மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் தோற்றது? ஒரு இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட்தான். அந்த இடைவெளியில் இன்ஜெக்டர் திறந்து, சரியான அளவு விட்டு, மூடியாக வேண்டும், அதுவும் அதிர்ந்துகொண்டே இருக்கும் கொதிக்கும் பானெட்டுக்கு அடியில். 1957-இன் எலக்ட்ரானிக் பாகங்கள் அந்தச் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை, வேகமும் போதவில்லை. அன்றைய டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்தவை, சூடு ஏற ஏற தேவையில்லாத கசிவு மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். மில்லிசெகண்டை நம்பி இருக்கும் சர்க்யூட்டுக்கு இதைவிட மோசமான குணம் இருக்க முடியாது. யோசனையில் பழுது சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் காப்புரிமைகள் பாஷ் கைக்குப் போயின. இடையில் இரண்டு விஷயங்கள் மாறிவிட்டன. சூட்டைத் தாங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் வாங்கக்கூடிய விலைக்கு வந்தன, 1968 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் புகைக் கட்டுப்பாடு சட்டமானது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிசு. கூடுதல் குதிரைத்திறனுக்கு என்று விற்றபோது யாருக்கும் அவசரமில்லாத ஒரு பொருள், அமெரிக்காவில் கார் விற்க வேண்டுமென்றால் புகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றானதும் தேவையான பொருளாகிவிட்டது.

டி-ஜெட்ரானிக்கில் 'டி' என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் எழுத்து. அதன் பெட்டியைத் திறந்தால் 25-30 டிரான்சிஸ்டர்கள் இருக்கும், எண்களைக் கூட்டிக் கழிக்கிற எதுவும் இருக்காது. பிறகு எப்படிக் கணக்குப் போடுகிறது? உள்ளிழுக்கும் குழாயோடு இணைந்த ஒரு சென்சாருக்குள் காற்று நீக்கிய மெல்லிய உலோக டப்பிகள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் குழாயில் அழுத்தம் கூடும், டப்பிகள் அமுங்கும், அவற்றோடு சேர்ந்த இரும்புத் துண்டு கம்பிச்சுருளுக்குள் நகரும், சுருளின் தூண்டுதிறன் மாறும், அதற்கேற்ப மின்துடிப்பு நீளும். இன்ஜெக்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்கும். எப்போது திறப்பது என்பதை, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு கான்டாக்ட்கள் சொல்லும், இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்பதை வெப்ப சென்சார் சொல்லும். பெட்ரோல் சுமார் 2 பார் அழுத்தத்தில் காத்திருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் இன்ஜெக்டர்கள் இரண்டிரண்டாகத்தான் திறக்கும், அதனால் ஜோடியில் ஒரு சிலிண்டருக்கான பெட்ரோல் இன்ஜினின் மூடிய உள்ளிழுப்பு வால்வுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கும். அது பெரிய தொந்தரவாக இல்லை.

ஃபோக்ஸ்வாகனைத் தொடர்ந்து போர்ஷே 914, சிட்ரோயன் டிஎஸ், வோல்வோ என்று வரிசையாக ஏறின. 1975-இல் காடிலாக் செவில் காருக்குப் பெண்டிக்ஸே மறுபடி ஒரு இன்ஜெக்ஷனைக் கொடுத்தது, அது கிட்டத்தட்ட டி-ஜெட்ரானிக்கின் ஜாடையிலேயே இருந்தது.

இதிலும் ஒரு குறை உண்டு. டி-ஜெட்ரானிக் காற்றை நேராக அளக்கவில்லை, அழுத்தத்தை வைத்து ஊகித்தது. இன்ஜின் தேய்ந்து உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் குறைந்தால், பாரம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டும். அதனால்தான் 1970-களில் வந்த எல்-ஜெட்ரானிக்கில் உள்ளே வரும் காற்று தள்ளித் திறக்கும் ஒரு தட்டை வைத்துக் காற்றையே அளந்தார்கள். 1976-இல் கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ கார்களில் புகைக்குழாயிலேயே ஆக்சிஜன் சென்சார் வந்தது. கலவை சரியாக இருந்ததா என்பதை எரிந்து முடிந்த புகையிடமே கேட்டு அடுத்த துடிப்பைத் திருத்தும் வழி அப்போதுதான் பிறந்தது. 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பாஷ் மோட்ரானிக் வந்தபோது, இன்ஜெக்ஷனையும் ஸ்பார்க்கையும் சேர்த்து ஒரே டிஜிட்டல் பெட்டி பார்த்துக்கொண்டது. அந்த இரும்புத் துண்டு நகர்ந்து போட்ட கணக்கு, மெமரியில் எழுதி வைத்த எண்களின் அட்டவணையாக மாறியது.