நோட்டிபிகேஷன்: அறிவிப்பா, அறிவித்தலா, எச்சரிக்கையா?

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவையில் இருக்கும் அத்தை போன மாதம் போனை என் முன்னால் நீட்டி, "இந்த மணி படத்துக்குப் பக்கத்துல 146ன்னு கிடக்கே, இது என்ன தம்பி, கடனா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆளின் பேரோடு ஒரு தொகை ஒட்டிக்கொண்டு வந்தால் அது கடன்தான் என்று நினைக்கத் தேயிலைத் தோட்டத்தில் காரணம் உண்டு. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிக் கையில் கொடுத்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

"கடன் இல்ல அத்தை, நோட்டிபிகேஷன்" என்றேன். "அப்படின்னா?" என்றார். அங்கே மாட்டிக்கொண்டேன்.

லத்தீனில் 'நோத்துஸ்' என்றால் அறியப்பட்டது, 'ஃபாக்கெரே' என்றால் செய்வது. இரண்டும் கூடி 'அறியச் செய்' என்ற பொருளில் ஒரு வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம்முடைய 'அறிவி' என்ற சொல்லைப் பாருங்கள். செய் என்பது செய்வி ஆவதுபோல அறி என்பது அறிவி ஆகிறது, இலக்கணத்தில் பிறவினை என்பார்கள். அதற்கும் பொருள் 'அறியச் செய்' என்பதுதான். யாரும் யாரையும் பார்த்து மொழிபெயர்க்கவில்லை, இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் இதற்குப் புதிதாகத் தமிழ்ச்சொல் ஆக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் பேசாமல் இருக்கச் சொல்லலாம்.

ஒரு விசயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'நோத்துஸ்' என்பதற்கு அடியில் இருக்கும் பழைய வேர் 'க்னோ', முன்னால் இருந்த 'க்' லத்தீனில் தேய்ந்துவிட்டது. அதே வேர்தான் சமஸ்கிருதத்தில் 'ஞா', ஞானம் என்பதில் இருப்பது. அதிலிருந்து வந்த 'விஞ்ஞாபனம்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள், இலங்கையில் நாம் இன்னும் தேர்தல் வந்தால், அவர்கள் தேர்தல் அறிக்கை என்பதை, 'தேர்தல் விஞ்ஞாபனம்' என்கிறோம். அதே வேர் பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்து 'விண்ணப்பம்' ஆனது. ஆக, நோட்டிபிகேஷனும் விண்ணப்பமும் தூரத்துச் சொந்தக்காரர்கள்! மேலே இருப்பவர்களிடமிருந்து நமக்கு வருவது ஒன்று, நாம் மேலே அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மற்றது. சிங்களத்தில் சொல்லும் 'தெனும்தீம'கூட அந்தக் குடும்பம்தான், சிங்களத்தில் 'ஜ' பல இடங்களில் 'த' ஆகிவிடும். அரசாங்கப் பலகைகளில் மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம் என்று மூன்று வரி இருக்குமே, இந்தச் சொல்லைப் பொறுத்தவரை மேல் வரியும் கீழ் வரியும் உறவு, நடுவில் நிற்கும் 'அறி' மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை.

சரி, அறிவிப்பா, அறிவித்தலா? போனைத் தமிழில் மாற்றினால் 'அறிவிப்புகள்' என்றுதான் வருகிறது. ஆனால் இங்கே நம் காதுக்குப் பழகியது அறிவித்தல்: மரண அறிவித்தல், வர்த்தமானி அறிவித்தல். தமிழ்நாட்டு அரசிதழில் அதையே அறிவிக்கை என்கிறார்கள். இலங்கையில் அறிவிப்பு என்றதும் எனக்கு வானொலி அறிவிப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார், அது குரல் சம்பந்தப்பட்டது. கையில் வந்து சேரும் சேதி அறிவித்தல். இரண்டும் சரியான தமிழ், சண்டை வேண்டாம். எனக்கு அறிவித்தல் நெருக்கம். 'புஷ் நோட்டிபிகேஷன்' என்பதைத் 'தள்ளு அறிவிப்பு' என்று சிலர் எழுதுவதை மட்டும் பார்த்தால் எரிச்சல் வரும், யாரோ கதவைத் தள்ளச் சொல்வது போல.

தோட்டத்தில் இந்த வேலையை முன்னர் செய்தது தோல் கருவி. விடியற்காலையில் தப்பு என்ற பறையை அடித்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க எழுந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். பிரட்டு என்பதே ஆங்கிலத்தில் அணிவகுப்புக்குச் சொல்லும் 'பரேட்' நம் வாயில் உருண்டு வந்தது. வேலைக்கு எழுப்புவதற்கு ஓர் அடி, சாமிக்கு வேறு அடி, சாவுக்கு வேறு அடி. படுக்கையில் கிடந்தபடியே இது எதற்கு என்று தெரிந்துவிடும், எழுந்து போய்ப் பார்க்கத் தேவையில்லை. பறை என்ற சொல்லுக்கே 'சொல்' என்றும் பொருள் உண்டு, மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் சொல்வதுதான். அத்தையின் போனில் என்ன நடக்கிறது என்றால், பேத்தியின் படம், நகைக்கடைத் தள்ளுபடி, கோயில் கமிட்டிக் கூட்டம், மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் ஒரே 'டிங்'. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே அடி அடித்தால் தப்புக்காரரை ஊரில் விட்டுவைப்பார்களா?

இங்கேதான் 'அலர்ட்' என்ற சொல்லைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அது இத்தாலிய மொழியில் காவல்காரனுக்குக் கொடுக்கும் குரல், 'அல் எர்த்தா'. எர்த்தா என்றால் மேடு, செங்குத்தான ஏற்றம். 'மேட்டில் ஏறி நின்று பார்' என்று வைத்துக்கொள்ளலாம். மலைநாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவல் இருந்த குறிஞ்சிக்காரர்களுக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. தமிழில் எச்சரிக்கை. இது கன்னடம், தெலுங்குப் பக்கமிருந்து வந்த சொல், கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு. அறிவித்தல் தகவல் தருகிறது, எச்சரிக்கை தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுக்கும் மதிப்புப் போய்விடும்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையில் மூன்று நிலை உண்டு. மஞ்சள் என்றால் அவதானமாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு, சிவப்பு என்றால் கிளம்பு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்கு அடியில் போனதைப் பார்த்த தலைமுறைக்கு இந்த நிறங்கள் வெறும் நிறங்கள் இல்லை. ஆனால் போனில் அந்தச் சிவப்பும், யாரோ போட்ட படத்துக்கு விருப்பம் வந்ததற்கான சிவப்புப் புள்ளியும் ஒரே அளவுதான். நானே போன வருசம் மழையில் ஹட்டனுக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே தடவலில் துடைத்துவிட்டேன். வீதியில் மண் விழுந்து பாதை மூடியிருக்கும் சேதி அதற்குள்ளேதான் இருந்திருக்கிறது. பாதி வழியில் பஸ்ஸுக்குள் மூன்று மணிநேரம்.

அத்தைக்கு நேர்மாறான பிரச்சினை. அவர் எதையும் தொடுவதே இல்லை, அதனால்தான் 146. ஏன் என்று கேட்டால், "அழின்னு போட்டிருக்கே, அழிச்சா பிள்ளை அனுப்பின படமெல்லாம் போயிராதா?" நியாயமான பயம். அழி என்றால் தமிழில் இல்லாமல் ஆக்குவது. ஆனால் அந்த இடத்தில் அழிவது தலைப்புச் சீட்டு மட்டும், வட்ஸ்அப்பில் சேதி அப்படியே இருக்கும். ஆகவே அங்கே 'அழி' பொருந்தாது, 'அகற்று' அல்லது 'ஒதுக்கு' என்று இருக்க வேண்டும். நான் அத்தைக்கு இலக்கணம் சொல்லவில்லை, "கவ்வாத்து வெட்டுற மாதிரி அத்தை, செடி சாகாது" என்றேன். தேயிலைச் செடி மறுபடி துளிர்க்கக் கிளையை வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. முப்பது வருசம் கொழுந்து பறித்தவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெட்டும்போது ஒன்று காட்டிக்கொடுத்தேன். அன்ட்ராய்டு போனில் ஓர் அறிவித்தலை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் சத்தமில்லாமல் ஆக்கலாம், செயலி முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை, 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தெரியாமல் துடைத்துவிட்டால் தேட, பதினோராம் பதிப்பிலிருந்து 'அறிவிப்பு வரலாறு' என்று ஒன்று அமைப்புகளுக்குள் இருக்கிறது, கடைசி 24 மணிநேரத்தில் வந்ததைக் காட்டும். முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால்தான் வேலை செய்யும். எனக்கு இது தெரிந்தது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு.

இப்போது அத்தையின் போனில் மண்சரிவுச் சேதி வரும் குழுவுக்கு மட்டும் தனிச் சத்தம். தப்புச் சத்தமாகவே வேண்டும் என்றார், ஒரு காணொளியிலிருந்து வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். நகைக்கடைக்காரன் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறான், அவனை எங்கே நிறுத்துவது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.