மீன் இல்லாத ஃபிஷ் டெஸ்ட்

"டாக்டர், ஃபிஷ் டெஸ்ட்னு எழுதியிருக்காங்க. அம்மா சைவம், பரவாயில்லையா?"

லேப் வாசலில் ரிப்போர்ட்டோடு நின்ற இளைஞர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் எந்தச் சொல்லும் எப்படியும் காதில் விழும்.

ஃப்ளோரசன்ஸ் இன் சிட்டு ஹைபிரிடைசேஷன் என்ற நீளப் பெயரைச் சுருக்கினால் ஃபிஷ். 'இன் சிட்டு' என்றால் லத்தீனில் 'இருந்த இடத்திலேயே'. இந்தப் பரிசோதனையின் உயிரே அதுதான். மற்ற பல மரபணுப் பரிசோதனைகளில் திசுவைக் கரைத்து டி.என்.ஏவைப் பிரித்தெடுப்போம், கட்டியோடு கொழுப்பு, ரத்தநாளம், நல்ல செல் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். இதில் அப்படியில்லை. எந்த செல்லுக்குள், எந்த மரபணு, எத்தனை பிரதி என்று கண்ணால் பார்த்து எண்ணலாம்.

அவருடைய அம்மாவின் ரிப்போர்ட்டில் 'ஹெர்-2: இரண்டு பிளஸ்' என்று இருந்தது. ஐ.எச்.சி என்ற சாயப் பரிசோதனை, செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஹெர்-2 புரதத்தைக் காட்டும். மூன்று பிளஸ் என்றால் பாசிட்டிவ். பூஜ்யமும் ஒன்றும் நெகட்டிவ். இரண்டு என்பது மதில்மேல் பூனை. அப்போதுதான் புரதத்தை விட்டுவிட்டு, அதை உண்டாக்கும் மரபணுவையே எண்ணப் போகிறோம். ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலிருந்து, இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பலருடைய சிகிச்சை முடிவாகிறது.

திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கிலிருந்து நான்கைந்து மைக்ரான் தடிமனில் ஒரு சீவல். பெப்சின் என்ற நொதியைப் போட்டு, டி.என்.ஏவை மூடியிருக்கும் புரதத்தைத் தளர்த்துவோம். சூடேற்றினால் டி.என்.ஏவின் இரண்டு இழைகளும் பிரியும். அந்த இடைவெளியில், ஒளிரும் சாயம் ஏற்றிய புரோப் என்ற சிறு டி.என்.ஏ துண்டு தன் ஜோடி இழையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஹெர்-2 மரபணுவுக்குச் சிவப்பு; அது குடியிருக்கும் 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதிக்குப் பச்சை. ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டு, காலையில் கழுவி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பைத் திறந்தால் நீல உட்கருக்களுக்குள் புள்ளிகள். நல்ல செல்லில் சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு. மரபணு பெருகிய செல்லில் கேழ்வரகைச் சிந்தியதுபோல் ஒரே சிவப்பு. சீவும்போது சில உட்கருக்கள் பாதியாக வெட்டுப்பட்டு, புள்ளிகள் குறைந்துவிடும். அதனால் ஒரு செல்லை நம்பக் கூடாது, குறைந்தது இருபதாவது எண்ண வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் 2 அல்லது அதற்கு மேல், செல்லுக்குச் சராசரி சிவப்பு 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். (1969இல் ஜோசப் கால், மேரி லூ பார்டியூ இருவரும் தவளையின் முட்டைச் செல்களில் இப்படி இருந்த இடத்திலேயே டி.என்.ஏவைத் தேடியபோது ஒளிரும் சாயம் கிடையாது. கதிரியக்கப் புரோப் போட்டு, படம் விழும்வரை காத்திருந்தார்கள்.)

அந்த அம்மாவின் ஸ்லைடில் நீலம் மட்டுமே தெரிந்தது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. சனிக்கிழமை மாலை ஆபரேஷன். கட்டியைச் சலைன் பாட்டிலில் போட்டு மகன் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு லேப் லீவு. திங்கள் காலை எங்களிடம் வரும்போது திசு அழுகத் தொடங்கியிருந்தது. சலைன் திசுவை ஈரமாக வைக்கும், காப்பாற்றாது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கட்டியைக் கீறித் திறந்து, அதன் அளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் அதில் ஊற வேண்டும். எலும்புக்குப் பரவிய கட்டியென்றால் இன்னொரு ஆபத்து: எலும்பை மிருதுவாக்கப் போடும் அமிலம் டி.என்.ஏவையே சிதைத்துவிடும். எத்தனை லட்ச ரூபாய் மைக்ராஸ்கோப் இருந்தாலும், பாட்டிலில் கெட்டது கெட்டதுதான். ஆபரேஷனுக்கு முந்தைய நாளே, "ஃபார்மலின் இருக்கிறதா, யார் எடுத்துப்போவது?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. புள்ளியே தெரியாத ரிப்போர்ட்டை 'நெகட்டிவ்' என்று படித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முடிவு சொல்ல முடியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

நல்லவேளை, ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஊசி பயாப்ஸியின் பிளாக் வேறொரு லேபில் பத்திரமாக இருந்தது. எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். போய் வாங்கி வந்தார் மகன், மே மாத நண்பகலில், பைக்கின் டேங்க் கவருக்குள் வைத்து. மெழுகு ஓரத்தில் லேசாக இளகியிருந்தது, தப்பித்தது. அடுத்த நாள் ஸ்லைடில் கேழ்வரகு.

ரிப்போர்ட்டை வாங்கியவர் கிளம்பவில்லை. "தங்கச்சி இருக்கா டாக்டர். ஜீன்ல இருக்குன்னா அவளுக்கும் வருமா?"

இந்தப் பெருக்கம் கட்டிச் செல்களுக்குள் மட்டும் நடந்தது, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவதில்லை என்றேன். பரம்பரையாக வருவதைப் பார்க்க பிஆர்சிஏ போன்ற மரபணுக்களுக்கு வேறு பரிசோதனை இருக்கிறது. அது ரத்தத்தில் செய்வது, முதலில் அம்மாவுக்குச் செய்து பார்ப்பது நல்லது. தேவையா என்று ஆன்காலஜிஸ்ட்டிடம் கேட்கச் சொல்லி, ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.