கரடியின் தோளுக்குள் இரண்டு அட்டை வட்டுகள்

என் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கரடி பொம்மைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஜெர்மனியில் தைத்தது. வலக்கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கும். இடக்கை மட்டும் மெல்ல இறங்கி மடியில் விழுந்துவிடும். இரண்டும் ஒரே துணி, ஒரே நீளம், ஒரே எடை. வித்தியாசம் தோளுக்குள் இருக்கிறது. பழைய மூட்டுப் பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள், ஒரு பொம்மை கைக்கு வந்ததும் முகத்தைப் பார்க்கும் முன்பே கைகால்களைச் சுழற்றிப் பார்ப்பது இதனால்தான்.

தோளைப் பிரித்தால் கெட்டி அட்டையில் வெட்டிய இரண்டு வட்டுகள் இருக்கும். ஒன்று கைக்குள், மற்றது உடம்புக்குள். நடுவில் கையின் துணியும் உடம்பின் துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரு காட்டர் பின் (இரண்டு கால் உள்ள உலோக ஊசி) போகிறது. உடம்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் இரண்டு கால்களையும் குறடால் இழுத்து, ஆட்டுக்கொம்பு மாதிரி இருபுறமும் சுருட்டி வாஷர்மேல் அழுத்திவிடுவார்கள். அந்தச் சுருள் ஒரு சின்ன ஸ்பிரிங். அது வட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது, நெருக்கத்தில் உராய்வு பிறக்கிறது. கையின் எடை கீழே இழுக்க, உராய்வு தடுக்கிறது. உராய்வின் திருப்புவிசை எடையின் திருப்புவிசையைவிடப் பெரிதாக இருக்கும்வரை கை நிற்கும். கத்தரிக்கோலின் நடு ஆணி இறுக்கமாக இருந்தால் விரித்த அலகுகள் அப்படியே நிற்கின்றன, தளர்ந்தால் தொங்குகின்றன. அதே கணக்குதான். வட்டு அகலமானால் உராய்வு மையத்திலிருந்து தள்ளி நடக்கும், அதே அழுத்தத்தில் கூடுதல் எடையைத் தாங்கும். தொடைக்கு வைக்கும் வட்டு தோள் வட்டைவிடப் பெரிதாக இருப்பது அதற்காக.

நூறு வருடத்தில் அட்டை ஈரம் பட்டு நசுங்குகிறது, காட்டர் பின் துருப்பிடிக்கிறது, நடுத்துணி தேய்கிறது. அரை மில்லிமீட்டர் மெலிந்தாலும் சுருளின் பிடி விட்டுப்போகும். என் கரடியின் இடக்கை கதை இவ்வளவுதான்.

இந்த எளிய மூட்டு ஒரே நாளில் வந்துவிடவில்லை. தென்ஜெர்மனியின் கீங்கென் ஊரில் பிறந்த மார்கரெட்டே ஸ்டைஃப், ஒன்றரை வயதில் போலியோ தாக்கி வாழ்நாளெல்லாம் சக்கர நாற்காலியில் இருந்தவர். 1880-இல் ஃபெல்ட் துணியில் அவர் தைத்த யானை, குண்டூசி குத்திவைப்பதற்காகச் செய்தது. குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். அவருடைய தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டைஃப் 1902-இல் கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். பெயர் ‘55 பி.பி.’. 55 என்பது சென்டிமீட்டர் கணக்கில் அளவு, முதல் எழுத்து முடித்துணியைக் குறிப்பது, இரண்டாவது அசையக்கூடியது என்பதற்கு. 1903-இல் லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்தக் கரடிகளின் மூட்டு வெறும் நூல். நூல் தளரும், அறும். பிறகு உடம்புக்குக் குறுக்கே இரும்புத் தண்டு போட்டுப் பார்த்தார்கள். அந்த வகைக் கரடியைச் சேகரிப்பாளர்கள் இன்றும் எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள். அட்டை வட்டு வந்தது 1905-இல். 1907-இல் மட்டும் ஸ்டைஃப் தொழிற்சாலை 9,74,000 கரடிகளைச் செய்தது. நூல் மூட்டோடு போன முதல் 3,000-இல் ஒன்றுகூட இன்று யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அடுத்தது முடி. இந்தக் கரடிகளின் மேல் இருப்பது மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் முடி. அங்கோரா முயலின் முடி வேறு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். துருக்கியின் அங்காராதான் இந்த ஆட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர். முடி மாதத்துக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வளரும், வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள்.

எல்லா விலங்கு முடியின் மேலும் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் உண்டு. செம்மறியின் கம்பளியில் செதில் விளிம்புகள் துருத்திக்கொண்டு ஒன்றோடொன்று மாட்டும். அதனால்தான் கம்பளி துவைத்தால் சிக்குப் பிடித்துச் சுருங்குகிறது. மோஹேரின் செதில்கள் மெல்லியவை, படிந்து கிடப்பவை. ஒளி சிதறாமல் திரும்புவதால் பளபளப்பு, மாட்டாததால் சிக்கும் குறைவு. இன்னொன்று விறைப்பு. ஓர் இழையை வளைக்கத் தேவையான விசை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். மெரினோ செம்மறியின் கம்பளி 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மோஹேர் 30 மைக்ரான் என்று வைத்தால், ஒன்றரை மடங்கு பருமனுக்கு ஐந்து மடங்கு விறைப்பு. குழந்தை இரவெல்லாம் கட்டிக்கொண்டு படுத்தாலும் காலையில் முடி நிமிர்ந்து நிற்பது இந்தக் கணக்கால்.

இந்தத் துணியை நெய்வது தனி அழகு. மேலும் கீழுமாக இரண்டு பருத்தித் துணிகளை ஒரே தறியில் ஒரே நேரத்தில் நெய்வார்கள். மோஹேர்ப் பாவு இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கும். நெய்து முன்னேற முன்னேற ஒரு கத்தி நடுவில் ஓடி அறுத்துக்கொண்டே போகும். இரண்டு முடித்துணிகள் பிரிந்து வரும். விலை உயர்ந்த துணி, ஒரு துண்டும் வீணாகாது. ஆறு தலைகளை முழுசாக வெட்டியபின் மிச்சத்தில் ஏழாவது தலையை இரண்டு பாதியாக வெட்டி, முகத்தின் நடுவே தையல் போடுவார்கள். அந்த நடுத்தையல் கரடிக்கு இன்று தனி மதிப்பு. 1904-ஆம் ஆண்டுக் கரடி ஒன்று 1994-இல் லண்டனில் 1,10,000 பவுண்டுக்கு ஏலம் போயிருக்கிறது.

வயிற்றை அழுத்தினால் பழைய கரடி நறநறக்கும். உள்ளே இருப்பது தச்சர் இழைப்புளியில் சுருண்டு விழுவதுபோன்ற நீண்ட மரச்சுருள். நீண்ட மூக்கை வடிவம் குலையாமல் பிடித்துவைக்க அந்தக் கெட்டித்தனம் வேண்டும். பின்னாளில், குறிப்பாக இங்கிலாந்தில், நம் மெத்தைக்குப் போடும் அதே இலவம்பஞ்சை அடைத்தார்கள். அந்தக் கரடிகள் லேசாக, மெத்தென்று இருக்கும். சாய்த்தால் உறுமுகிற கரடிக்குள் ஓர் அட்டைக் குழல், அதற்குள் எடை கட்டிய துருத்தி. சாய்க்கும்போது எடை இறங்கித் துருத்தியை அமுக்க, காற்று ரீடு என்னும் மெல்லிய தகட்டை அதிரவைத்து வெளியேறும். ஆர்மோனியத்தின் தத்துவமேதான்.

போலியைக் கண்டுபிடிக்க நான் நம்புவது புறஊதா விளக்கை. ‘போருக்கு முந்தையது’ என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்ற கரடியை இருட்டறையில் விளக்கடியில் வைத்தேன். முடி மங்கலாகவே இருந்தது. முதுகுத் தையல் மட்டும் நீலமாக ஒளிர்ந்தது, தலையிலிருந்து வால்வரை ஒரே கோடு. நூலுக்கு வெளுப்புத் தர இப்போது சேர்க்கும் ரசாயனம் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். அது 1940-களுக்குப் பிறகே பரவலானது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அசலான பழைய கரடியையும் யாராவது இன்றைய சோப்புத்தூளில் அலசியிருந்தால் உடம்பு முழுக்க ஒளிரும். அலசுவதே தவறு. தண்ணீர் பட்டால் மரச்சுருள் உப்பும், அட்டை கூழாகும், காட்டர் பின் துருவேறும்.

முடி எங்கே உதிர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மூக்கிலும் வயிற்றிலும் ஒரு காதிலும் தேய்ந்திருந்தால் அது ஒரு குழந்தை பிடித்துத் தூங்கிய இடம். அதைச் சரிசெய்ய நினைக்கவே கூடாது என்பது என் கட்சி. திட்டுத்திட்டாக வேரோடு மழித்தது போலவும், அடிப்பருத்தி அப்படியே இருப்பதாகவும் தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு. அதற்கு வேண்டியது முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதம், பருத்தியை விட்டுவிடும். அப்படிப்பட்ட கரடியைக் காற்று வெளியேற்றிய பாலிதீன் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் ஆசையில் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கப் பை அறைச் சூட்டுக்கு வரட்டும். வியர்ப்பது பையின் வெளிப்பக்கமாக இருந்தால்தான் உள்ளே முடியும் அட்டையும் உலர்ந்தபடி இருக்கும்.