இடம் இல்லை என்று சொல்லப் பழகிய கதை

குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் என் போன் ஓயாது. "டாக்டர், தேயிலைச் செடிக்கடியில மூணு பூனைக்குட்டி கிடக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" வயிறு நிறைந்து கதகதப்பாகத் தூங்குகிறதா என்று முதலில் கேட்பேன். ஆமாம் என்றால் தாய் பக்கத்தில்தான் இருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி, நெற்றியில் வெள்ளைக் கோடு என்றால் அது காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையின் குட்டியாக இருக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய சின்னக் காப்பகத்தில் எட்டுக் கூண்டு, 21 பூனை. ஒரு மாலை இன்னொரு குட்டி வந்தது. "இது ஒண்ணுதானே" என்று சொன்னது நான்தான். நேராகப் பொது அறையில் விட்டோம். மூன்றாம் நாள் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. பான்லூகோபீனியா, பூனைகளைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய். பத்து நாளில் ஒன்பது குட்டிகளைப் புதைத்தோம். புதிதாக வருவதை 14 நாள் தனி அறையில் வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அதைவிடக் கொடுமை, தினமும் கறுப்புப் பினாயில் போட்டுத் துடைத்ததுதான். பூனையின் கல்லீரலால் அதிலுள்ள பினாலைச் சரியாகக் கழிக்க முடியாது. பாதத்தை நக்கினாலே விஷம். அந்த வைரஸோ அதற்கு அசராது, ஒரு வருடம் வரைகூடத் தரையில் கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 32 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும்.

இப்போது கூண்டை எண்ணுவதில்லை, கைகளை எண்ணுகிறோம். தீனிக்கும் சுத்தத்துக்கும் ஒரு பூனைக்கு நாளைக்கு 15 நிமிடம். இரண்டு பேர் இரண்டு மணி நேரம் வந்தால் 16 பூனை. அந்த எண்ணைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஜூலையில் துண்டு மூன்று நாளானாலும் காயாது, ஈரத் துணியில் படர்தாமரை பரவிப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் எண் 12.

பணம்? நன்கொடை கொடுப்பவர்களுக்குக் குட்டியின் படம் பிடிக்கும், கருத்தடைக்கு அப்படி ஒரு படம் கிடையாது. ஆனால் பெண் பூனை நாலு மாதத்திலேயே சினைப்படலாம், சுமார் 65 நாளில் குட்டி போட்டுவிடும். அதனால் முதல் செலவு அதற்குத்தான். தெருவில் திரும்ப விடும் பூனைக்கு இடது காது நுனியை மயக்கத்திலேயே வெட்டி அடையாளம் வைத்துவிடுவோம், இல்லாவிட்டால் அதையே மறுபடி பிடித்து வருவார்கள். சீசனுக்கு வந்த இடத்தில் "இப்பவே கார்ல கொண்டு போறோம்" என்பவர்களிடம், ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள் என்போம். அநேகமாகக் கேட்க மாட்டார்கள்.

முந்தாநாள் கேத்தியிலிருந்து ஒரு அக்கா ஒற்றைக் குட்டியோடு வந்தார். இடம் இல்லை. வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சூடு ஏறாமல் பால் கொடுத்தால் செரிக்காது, புரையேறும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கூட வைத்தோம். அப்புறம் பால் பவுடர், புட்டி, சமையல் தராசு எல்லாம் கொடுத்து, "ரெண்டு வாரம் உங்க வீட்லயே வெச்சுக்குங்கக்கா, தினமும் எடை மட்டும் சொல்லுங்க" என்றேன். முகம் சுருங்கித்தான் போனார்.

நேற்று 295 கிராம். இன்று காலை அவரே கூப்பிட்டார்: 308.