டோர்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்

"சேர், ஒளிரும் கடலட்டை! புது இனமா?"

கல்கிசைக் கடலில் மூழ்கிப் படமெடுக்கும் தம்பி ஒருவர் பெப்ரவரியில் அனுப்பிய வீடியோவின் கீழே இருந்த வரி இது. கடலட்டை என்பது உலர்த்தி ஏற்றுமதியாகும் அந்தத் தடித்த பிராணி, நட்சத்திரமீனின் உறவு. அவர் படமெடுத்திருந்ததோ ஓடில்லாக் கடல் நத்தை. பச்சையாகப் பளபளத்தது உண்மைதான். ஆனால் அவர் கையில் இருந்தது புற ஊதா டோர்ச். அதை அணைத்தபோது என்ன ஆனது என்று கேட்டேன். அணைக்கவே இல்லையாம்.

எனக்கு வரும் பத்து வீடியோக்களில் ஒன்பது இப்படித்தான். வெளிச்சம் பட்டால் மட்டும் மினுங்குவது ஒன்று. உடலுக்குள் நடக்கும் வேதிவினையால் இருட்டில் தானே ஒளிவிடுவது வேறொன்று. கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருந்து, நீரை மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்போது மின்னினாலும் அவசரம் வேண்டாம். உடலில் ஒட்டிய, தானே ஒளிரும் நொக்டிலூகா போன்ற நுண்ணுயிரும் நம்மை ஏமாற்றும். அதனால்தான் ஆய்வுகூடத்தில் வடிகட்டிய கடல்நீரில் கழுவிய பிறகே சோதிக்கிறோம்.

தானே ஒளிரும் கடல் நத்தைகள் மிகச் சில. பிளோகமோஃபெரஸ் வகையில் பலவற்றுக்கு உடலின் இருபுறமும் சிறு உருண்டைகள் இருக்கும். சீண்டினால் அங்கேதான் ஒளி பளிச்சிடும். அதில் ஓர் இனத்தின் பெயரிலேயே நம் தீவு இருக்கிறது: பிளோகமோஃபெரஸ் சிலோனிகஸ். இங்கே பிறந்த மருத்துவர் கெலார்ட் 1858இல் விவரித்தது. அவர் வரைந்து வைத்த நத்தைப் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசிலில் கிடந்தன. 1906இல் கடல் நத்தை ஆய்வாளர் சார்ள்ஸ் எலியட் அவற்றைத் துணையாகக் கொண்டே கெலார்ட்டின் இனங்களை மறுபடி ஆராய்ந்தார். மதுசாரத்தில் இட்ட நத்தை நிறமிழந்து, சுருங்கி, அவித்த கத்தரிக்காய்த் துண்டுபோல் ஆகிவிடும். அதைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்?

ஆகவே உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். நீளம், நிறம், தலையின் இரு உணர்கொம்புகள், முதுகில் பூப்போல விரியும் செவுள், எதன்மேல் ஊர்ந்தது, எத்தனை மீற்றர் ஆழம். ஒளிர்ந்தால் எந்த இடத்தில், எவ்வளவு நேரம். கையால் தொட வேண்டாம். குறிப்பாக நீல நிற கிளௌகஸ் நத்தையை. அது ஒளிராது. ஆனால் தான் தின்ற சொறிமுட்டை போன்ற பிராணிகளின் கொட்டும் செல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நம்மைக் கொட்டும்.

புது இனமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுமை வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆழ்கடலில் 2000ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்ட ஒளிரும் நத்தைக்கு, பாத்திடேவியஸ் என்ற பெயர் 2024இல்தான் கிடைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்து, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட பிறகு.

அடுத்த வாரம் தம்பியிடமிருந்து படமில்லாத ஒரு செய்தி வந்தது: "அணைத்துப் பார்த்தேன் சேர், ஒன்றுமே தெரியவில்லை." அதையும் திகதி, ஆழம் போட்டுக் குறித்து வைக்கச் சொன்னேன்.