5 போதும், 6 போதாது

நூலகக் கவுண்டரில் நின்றபடி ஒரு மாணவி கருத்துப் படிவத்தை நிரப்பினார். எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’ என்று டிக் செய்தார். நூலகரான நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சற்று முன்புதான், கேட்லாக்கில் ‘உள்ளது’ என்று காட்டிய புத்தகம் ரேக்கில் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அதை எழுதப் படிவத்தில் இடமே இல்லை. இருந்திருந்தாலும் என் முகத்துக்கு நேரே எழுதியிருப்பாரா?

‘திருப்தியா?’ என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்வது?

இதற்காகவே 2000-இல் வந்தது, நூலகச் சேவையின் தரத்தை அளக்கும் லிப்குவால் என்ற முறை. கடைகளிலும் வங்கிகளிலும் சேவைத் தரத்தை அளக்க 1980-களில் உருவான சர்வ்குவால்தான் அதற்கு அடிப்படை. ஊழியர்கள் நடத்தும் விதம், தகவல் கைக்குக் கிடைப்பது, நூலகம் என்ற இடம் ஆகிய மூன்றையும் பற்றி 22 கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நல்லது, இப்போது எவ்வளவு கிடைக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். குழுவாகப் படிக்கும் அறைக்குக் குறைந்தபட்சம் 3 கேட்கிறார்கள், கிடைப்பது 5. இணைய இதழ்களுக்குக் குறைந்தபட்சம் 7 கேட்கிறார்கள், கிடைப்பது 6. கிடைப்பதை மட்டும் பார்த்தால் இதழ்கள் பரவாயில்லை, அறைதான் மோசம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. பணத்தை அறைக்குப் போட்டால் வீண்.

கட்டணம் கட்டி லிப்குவாலையேதான் வாங்க வேண்டும் என்றில்லை. நான்கைந்து சேவைகளுக்கு இந்த மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். பெயர் கேட்காதீர்கள், கவுண்டரில் வைத்து நிரப்பச் சொல்லாதீர்கள். அப்புறம், நூலகத்துக்கே வராதவர்களை வகுப்பறையில் போய்க் கேளுங்கள். குறை கண்டு விலகியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

படிவத்தைவிட எனக்கு அதிகம் சொல்லித்தந்தது ‘கிடைக்கவில்லை’ என்று தலைப்பிட்ட ஒரு நோட்டு. தேடிக் கிடைக்காத புத்தகத்தின் பெயரை யாரும் அதில் எழுதலாம். தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பட்டியலோடு ரேக்குகளுக்கு நடுவே நடக்கிறேன். பல புத்தகங்கள் இடம் மாறித்தான் கிடக்கும்.

அந்த மாணவி தேடியதும் அப்படித்தான். மூன்றாம் நாள், இரண்டு ரேக் தள்ளி, வேறொரு வகைப்பாட்டு எண்ணுக்கு நடுவே இருந்தது. எடுத்து வைத்துவிட்டுச் செய்தி அனுப்பினேன். அதற்குள் அவருடைய செமினார் முடிந்துவிட்டிருந்தது.